உடைக்காமல் எப்படி அறிவது? மதுவக் கலத்துக்குள் எட்டிப்பார்த்த கதை

போன விடுமுறையில் எங்கள் போர்டிங்கில் அப்பத்துக்கு மா கரைத்து வைத்திருந்தோம். ஈஸ்ட் போட்ட மா. இரண்டு மணித்தியாலத்தில் சட்டி நிறைய நுரை. எங்களில் எல்லாரும் கலைப்பீடம், ஒருத்தன் மட்டும்தான் விஞ்ஞானம். அவனைச் சும்மா சீண்டுவதற்காக ஒரு கேள்வி கேட்டோம்: "இந்த ஈஸ்டுக்குள்ள இப்ப, இந்த நிமிசம், என்னென்ன எவ்வளவு இருக்கெண்டு எப்பிடி அளப்பீங்கள்?"

"உடைச்சு, சாறெடுத்து, அளக்கிறதுதான்."

"உடைச்சா அது செத்துப்போகுமே. செத்ததை அளந்துபோட்டு, உயிரோட இருக்கிறதில இவ்வளவு இருக்கெண்டு எப்பிடிச் சொல்றது?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காந்தத்துக்குள்ள வைச்சும் பாக்கலாம்" என்றான். அப்பம் சுட்டுச் சாப்பிட்டு முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் முடியவில்லை. தேடி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, இது எங்கள் கேள்வி இல்லை. ஏறக்குறைய இருநூறு வருடப் பழைய கேள்வி. எத்தனையோ பெரிய மூளைகள் இதற்காகச் சண்டை பிடித்திருக்கின்றன.

உயிரா, இரசாயனமா?

ஈஸ்டைப் பாடசாலைப் புத்தகத்தில் மதுவம் என்று படித்திருப்பீர்கள். சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடும் ஒரு கல உயிர். இன்றைக்கு இது சாதாரணதரப் பாடம். ஆனால் 1830கள் வரைக்கும் மதுவம் உயிருள்ளது என்றே பலர் நம்பவில்லை. 1837ஐ ஒட்டி, பிரான்சில் கஞியார் டி லா தூர், ஜேர்மனியில் ஷ்வான், கியூட்சிங் என்று மூன்று பேர் தனித்தனியாக நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது அரும்பு விட்டுப் பெருகுகிறது, ஆகவே உயிர்தான் என்றார்கள்.

அக்கால இரசாயனவியலின் பெரிய தலைகளான லீபிக்குக்கும் வோலருக்கும் இது பிடிக்கவில்லை. 1839இல் அவர்களுடைய ஆய்விதழில் பெயர் போடாமல் ஒரு நக்கல் கட்டுரை வந்தது. மதுவம் என்பது குட்டி மிருகமாம். வாயால் சீனியை விழுங்குமாம். ஒரு பக்கத்தால் மதுசாரத்தையும் இன்னொரு பக்கத்தால் வாயுவையும் கழிக்குமாம். அதன் சிறுநீர்ப்பை ஷம்பெயின் போத்தல் வடிவமாம்! ஆய்விதழில் இப்படியும் எழுதியிருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நக்கலுக்குப் பின்னால் ஒரு நிலைப்பாடு இருந்தது. நொதித்தல் வெறும் இரசாயனச் சிதைவு. அதற்குள் உயிரை இழுக்க வேண்டாம் என்பது.

1856இல் லீல் நகரத்தில் பீட்ரூட்டிலிருந்து மதுசாரம் வடிக்கும் ஒரு முதலாளி, தன் வடிப்பு பழுதாகிறது என்று லூயி பாஸ்டரிடம் வந்தார். அங்கே தொடங்கிய வேலை பாஸ்டரை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனது. உயிருள்ள கலம் இல்லாமல் மதுசார நொதித்தல் இல்லை என்றார் அவர். 1861இல் இன்னொன்றையும் கவனித்தார்: ஒட்சிசன் கொடுத்தால் மதுவம் நன்றாக வளர்கிறது, ஆனால் வளர்ந்த அளவுக்குப் பார்த்தால் செலவாகும் சீனி குறைவு. இதைப் பிற்காலத்தில் 'பாஸ்டர் விளைவு' என்றார்கள். காற்று இருக்கிறதா இல்லையா என்று ஒரு கலம் எப்படித் தன் கணக்கை மாற்றுகிறது? பாஸ்டரிடம் இதற்கு விடை இல்லை. கலத்துக்குள் பார்க்க அவரிடம் வழி இருக்கவில்லை. இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்திருங்கள், 120 வருடம் கழித்துத் திரும்பி வரும்.

மணலும் சாறும்

1897இல் எட்வர்ட் புக்னர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் சண்டையை வேறு விதமாக முடித்தார். மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்து, அந்தக் களியைத் துணியில் கட்டி, நீரழுத்தப் பொறியில் பிழிந்து சாறெடுத்தார். நொதித்தலை ஆராய்வது அல்ல அப்போதைய நோக்கம். மருத்துவ ஆய்வுக்காகச் சாறு எடுக்கும் முயற்சி அது. சாறு பழுதாகாமல் இருக்கச் சீனி சேர்த்தார்கள், நாங்கள் பழத்துக்குச் சீனி போட்டுப் பாகு வைப்பது போல. பார்த்தால் சாறு குமிழி விடுகிறது! உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லை, நொதித்தல் நடக்கிறது.

பாஸ்டர் அப்போது இறந்து இரண்டு வருடம். புக்னருக்கு 1907இல் இரசாயன நோபல் பரிசு. பத்து வருடம் கழித்து, முதலாம் உலகப் போர்முனையில் காயப்பட்டு இறந்துபோனார்.

இப்படி வேலை செய்யும் பொருட்களுக்கு அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே கியூனே என்பவர் 'என்சைம்' என்று பெயர் வைத்திருந்தார். கிரேக்கத்தில் 'மதுவத்துக்குள்' என்று பொருள். தமிழில் நாங்கள் நொதியம் என்கிறோம். நொதித்தலிலிருந்து வந்த சொல். எங்கள் வயிற்றில் சோறு செரிப்பதும் நொதியத்தால்தான். ஆனால் அந்தப் பெயரில் இன்னமும் மதுவத்தின் வாசம் இருக்கிறது.

புக்னருக்குப் பிறகு உயிரிரசாயனத்தின் வழி தெளிவாகிவிட்டது. உடை, பிழி, பிரி, பெயர் வை. இலண்டனில் ஆதர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1905ஐ ஒட்டி, மதுவச் சாற்றுக்குப் பொசுபேற்றுச் சேர்த்தால் நொதித்தல் வேகம் பிடிக்கிறது என்று கண்டார்கள். சேர்த்த பொசுபேற்று எங்கே போகிறது என்று தேடியபோது, சீனியோடு ஒட்டிக்கொண்ட ஒரு புதிய பொருள் அகப்பட்டது. அதற்கு ஹார்டன்-யங் எஸ்தர் என்று பெயர். இன்றைய பெயர் பிரக்டோசு இருபொசுபேற்று. ஒரு சீனி மூலக்கூறு மதுசாரமாக மாறும்போது, இன்னொன்று இந்தப் பொருளாகி அப்படியே தேங்கி நிற்கிறது என்று அவர்கள் சமன்பாடு எழுதினார்கள்.

சிக்கல் இங்கேதான். உயிருள்ள மதுவத்தில் அப்படித் தேங்குவதில்லை. போட்ட சீனி எல்லாம் ஓடிமுடிகிறது. அப்படியென்றால் சாறு பொய் சொல்கிறதா?

இதற்கு விளக்கம் கொடுத்தவர் ஒட்டோ மையர்ஹோஃப். நோபல் பரிசு பெற்றிருந்தும், யூதர் என்பதால் 1938இல் ஜேர்மனியை விட்டு வெளியேறி, பிரான்ஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1945இல் அவர் காட்டியது இதுதான்: சீனியை உடைக்கும்போது கலம் ஏ.ரி.பி என்ற சக்திப் பொருளைச் சம்பாதிக்கிறது. உயிருள்ள கலம் அதை உடனுக்குடன் செலவழிக்கும். வளர வேண்டும், பொருட்களை உள்ளே வெளியே கடத்த வேண்டும், செலவுக்கா பஞ்சம்? ஆனால் அரைத்துப் பிழிந்த சாற்றில் ஏ.ரி.பியைச் செலவழிக்கும் நொதியம் அநேகமாகக் கெட்டுப்போய்விடுகிறது. வரவு இருக்கு, செலவழிக்க ஆளில்லை. அதனால்தான் பொசுபேற்றுச் சீனியோடு ஒட்டித் தேங்கியது.

சாறு பொய் சொல்லவில்லை. சாற்றைப் பற்றிய உண்மையைச் சொன்னது. அதைக் கலத்தைப் பற்றிய உண்மை என்று எடுத்ததுதான் பிழை.

ஆய்வாளர்களுக்கு இது தெரியாமலில்லை. சாறு பிழிவதற்குப் பதிலாக, கலத்தைச் சடாரென்று குளிரிலோ கடும் அமிலத்திலோ போட்டு, எல்லா நொதியத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, பிறகு அளக்கும் முறைகள் வந்தன. இன்றைக்கும் அவை நடைமுறையில் இருக்கின்றன, நல்ல முறைகள்தான். ஆனால் சில ஏ.ரி.பி போன்ற பொருட்கள் செக்கன் கணக்கில் மாறிக்கொண்டிருப்பவை. நிறுத்துவது கொஞ்சம் பிந்தினால் கணக்குப் பிழைக்கும். அதோடு, கலத்தின் எந்த அறைக்குள் எது இருந்தது என்ற விசயம் அந்த அமிலத்தோடு கரைந்துபோகும். ஒரு வீட்டை இடித்துக் கல்லை எண்ணினால் எத்தனை கல் என்று தெரியும், எத்தனை அறை என்று தெரியாது.

பதில் சொல்லும் அணுக்கரு

விடை வந்தது உயிரியலிலிருந்து அல்ல. 1945 கடைசியில் ஹார்வார்டில் எட்வர்ட் பேர்செல் குழுவும், சில கிழமைகளுக்குள் ஸ்டான்போர்டில் ஃபெலிக்ஸ் புளொக் குழுவும், திண்மத்திலும் திரவத்திலும் கருக்காந்தப் பரிவைக் கண்டுபிடித்தார்கள். ஒரு குழு பயன்படுத்தியது பரபின் மெழுகு, மற்றது தண்ணீர். இருவரும் போர்க்காலத்தில் ராடர் சம்பந்தமான ஆய்வுகளில் இருந்து வந்தவர்கள். ரேடியோ அலைகளைக் கையாளும் அந்தப் பழக்கம் இங்கே உதவியது. 1952இல் இருவருக்கும் சேர்த்து நோபல்.

எங்கள் விஞ்ஞான நண்பன் விளங்கப்படுத்திய மாதிரியே சொல்கிறோம். சில அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள் போல. பெரிய காந்தத்துக்குள் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு தாளம் வரும். அந்தத் தாளத்துக்குச் சரியான ரேடியோ அலையை அனுப்பினால் பதில் சொல்லும், வேறு அலைக்கு அசையாது. ஊஞ்சலை அதன் போக்கில் தள்ளினால்தானே உயரும்? அதுதான் பரிவு.

இயற்பியலாளர்கள் எதிர்பார்த்தது, ஒரு மூலகத்தின் கரு எங்கே இருந்தாலும் ஒரே தாளம்தான் என்று. 1950ஐ ஒட்டி அப்படி இல்லை என்று தெரிந்தது. கருவைச் சுற்றியிருக்கும் இலத்திரன்கள் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. அதனால் ஒரே மூலகமே மூலக்கூறின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சற்று வேறு தாளத்தில் பதில் சொல்கிறது. கருவின் காந்தத்தைத் துல்லியமாக அளக்க நினைத்தவர்களுக்கு இது தொந்தரவு. இரசாயனவியலாளர்களுக்கோ புதையல். 1951இல் ஸ்டான்போர்டில் ஆர்னோல்ட், தர்மாத்தி, பக்கார்ட் ஆகிய மூவர் ஒரு திரவத்தை வைத்துப் பார்த்தார்கள். மூன்று முகடுகள் வந்தன. அவற்றின் பரப்பளவு 1:2:3 என்ற விகிதம். அந்த மூலக்கூறின் மூன்று இடங்களில் இருக்கும் ஐதரசன்களின் எண்ணிக்கையும் அதே 1, 2, 3. அந்தத் திரவம் எது தெரியுமா? மதுசாரம். மதுவம் செய்யும் அதே மதுசாரம்.

முகடு எங்கே நிற்கிறது என்பது 'யார்' என்று சொல்லும். முகட்டின் பரப்பளவு 'எத்தனை' என்று சொல்லும். அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கலங்களுக்குள் இருக்கும் நீரின் கனவளவையும் கணக்கில் எடுத்தால், உள்ளே இருக்கும் செறிவே வந்துவிடும். வெட்டுவதில்லை, சாயம் போடுவதில்லை.

திரும்பவும் மதுவம்

1972இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஒரு குழு, காபன்-13 என்ற சமதானி கொண்ட குளுக்கோசை உயிருள்ள மதுவத்துக்குக் கொடுத்து, அது மாறுவதைக் கருக்காந்தப் பரிவில் பார்த்தது. அணுகுண்டு பிறந்த அதே லொஸ் அலமோஸ்தான். சாதாரண காபன்-12 பரிவுக்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லும் காபன்-13 இயற்கையில் நூற்றுக்கு 1.1 பங்குதான். அதனால் காபன்-13 ஏற்றிய சீனியைக் கொடுத்தால், நாங்கள் கொடுத்தது மட்டும் பிரகாசமாகத் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. ஊர்வலத்தில் எங்கள் ஆளுக்கு மட்டும் கையில் பந்தம் கொடுத்து அனுப்புவது போல.

அடுத்த வருடம் கலிபோர்னியாவில் மூனும் ரிச்சர்ட்ஸும் முயலின் செங்குருதிக் கலங்களைப் பொசுபரசின் வழியாகப் பார்த்தார்கள். 1974இல் ஒக்ஸ்போர்டில் எலியின் காலிலிருந்து அப்போதே எடுத்த தசை. 1975இல் நியூ ஜேர்சியில், ஒரு தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடமான பெல் ஆய்வுகூடத்தில், ஸல்ஹனி, யமனே, ஷுல்மன், ஒகாவா ஆகிய நால்வர் முழு மதுவக் கலங்களின் பொசுபரசுத் திருசியத்தை வெளியிட்டார்கள்.

பொசுபரசு ஏன்? இயற்கையில் இருக்கும் பொசுபரசு முழுக்கவே பரிவுக்குப் பதில் சொல்லும் வகை. கலத்தின் சக்திக் கணக்கு முழுக்க எழுதப்படுவதும் பொசுபேற்றில்தான். ஏ.ரி.பிக்கு மூன்று பொசுபேற்று, ஆகவே மூன்று முகடு. சீனிப் பொசுபேற்றுக்களுக்குத் தனி இடம். மதுவம் சேமித்து வைக்கும் பல்பொசுபேற்றுச் சங்கிலிக்கு வேறு ஒரு முகடு.

எங்களுக்கு ஆகப் பிடித்த விசயம் இது. அசேதன பொசுபேற்றின் முகடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. சுற்றியிருக்கும் நீரின் பி.எச் பெறுமானத்துக்கு ஏற்றபடி அங்குமிங்கும் நகரும். ஆகவே அது நிற்கும் இடத்தைப் பார்த்து, கலத்துக்குள் எவ்வளவு அமிலத்தன்மை என்று வாசிக்கலாம். மதுவத்தின் குழியவுரு ஏறக்குறைய நடுநிலை, அதன் புன்வெற்றிடம் அமிலம். அதனால் ஒரே பொசுபேற்று இரண்டு இடங்களில் இரண்டு முகடுகளாகத் தெரியும். வீட்டை இடிக்காமலே அறைகளை எண்ணியாயிற்று! இந்த பி.எச் அளவுகோலை 1909இல் சோரென்சன் உருவாக்கியதும் கோப்பன்ஹேகனில் ஒரு பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில்தான், கார்ல்ஸ்பேர்க்கில். மதுவத்தைச் சுற்றியே எவ்வளவு விஞ்ஞானம் நடந்திருக்கிறது பாருங்கள்.

1979இல் டென் ஹொலண்டர், பிரவுண், உகுர்பில், ஷுல்மன் குழு காபன்-13 குளுக்கோசைக் காற்றில்லாத மதுவத்துக்குக் கொடுத்து, நிமிடக் கணக்கில் திருசியம் எடுத்தது. குளுக்கோசு முகடு குறைகிறது, மதுசார முகடும் கிளிசரோல் முகடும் வளர்கின்றன. நடுவில் ஒரு முகடு எழுந்து பிறகு அடங்குகிறது. அது பிரக்டோசு இருபொசுபேற்று. ஆம், ஹார்டனும் யங்கும் செத்த சாற்றிலிருந்து எடுத்த அதே பொருள். இன்னொரு அதிசயம்: சீனியின் முதலாவது காபனில் ஏற்றிவிட்ட அடையாளம், இந்தப் பொருளின் ஆறாவது காபனிலும் தெரிந்தது. அப்படியென்றால் ஆறு காபன் சங்கிலி இரண்டாக உடைந்து, துண்டுகள் இடம்மாறி, திரும்பவும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வழிப்பாதை என்று அம்புக்குறி போட்டுப் படித்த இடத்தில், உயிருள்ள கலத்தில் போவதும் வருவதும் நடந்துகொண்டிருந்தது.

1981இல் அதே குழுவினர் பாஸ்டரின் கேள்விக்கே போனார்கள். ஒட்சிசன் குமிழி விட்டும் விடாமலும் மதுவத்தின் பொசுபேற்றுக்களை அளந்து ஒப்பிட்டார்கள். 1861இல் பாஸ்டர் வெளியே நின்று பார்த்ததை, 120 வருடம் கழித்து உள்ளே பார்த்தார்கள்.

உடைக்கவில்லை, ஆனால்…

இதோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் இந்த முறைக்கும் விலை இருக்கிறது.

பரிவின் பதில் மிகப் பலவீனமானது. கருக்களில் ஏறக்குறைய பாதி ஒரு திசை, பாதி எதிர்த்திசை. ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் நிற்கும் வித்தியாசம், அன்றைய காந்தங்களில் பொசுபரசுக்கு, இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவு. அந்த மிச்சத்தின் முணுமுணுப்பைக் கேட்க, பரிசோதனைக் குழாய்க்குள் மதுவத்தைக் கூழ் போல அடர்த்தியாக அடைக்க வேண்டும். அத்தனை கலமும் மூச்சுவிட, குழாய்க்குள் இருக்கும் ஒட்சிசன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் நுண்குழாயால் வாயுவைக் குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் நெரிசல் பஸ்ஸில் நிற்கும் உயிர். புளிக்கும் மாவில் இருக்கும் மதுவமும் இதுவும் ஒன்றா? செறிவு குறைந்த பொருட்களும், பெரிய மூலக்கூறுகளோடு இறுக ஒட்டியிருப்பவையும் திருசியத்தில் தெரியாமலே போகும். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுத முடியாது.

பிறகு வந்தவர்கள் இதைச் சமாளிக்கப் பாடுபட்டார்கள். 2003இல் காபன்-13இன் பதிலை முன்கூட்டியே பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெருக்கி, கரைத்து ஊற்றும் முறை வந்தது. அந்தச் சீனியை மதுவத்துக்குள் விட்டால் செக்கன் கணக்கில் பார்க்கலாம். ஆனால் பெருக்கிய பதில் ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். அங்கேயும் ஒன்று கிடைக்க ஒன்று போகிறது.

மதுவக் குழாயில் பழகிய கைகள் மனிதர்களிடமும் வந்தன. 1975 கட்டுரையின் ஒகாவா 1990இல் மூளையின் இரத்தத்தில் ஒட்சிசன் மாறுவதைக் காந்தத்தால் பார்க்கும் வழியைக் காட்டினார். உகுர்பில் அவரோடு சேர்ந்து அதை மனித மூளைக்குக் கொண்டுவந்தார். யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன ஷுல்மனும் சேர்ந்த குழு, அதே 1990இல், சீனி வருத்தக்காரரின் தசையில் குளுக்கோசு கிளைக்கோஜனாகச் சேர்வது மந்தமாக இருப்பதைக் காபன்-13 பரிவால் வெளியிலிருந்தே அளந்தது. எங்கள் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? அந்த ஆட்களை உடைத்துப் பார்க்க முடியாது. மதுவத்தில் அளக்கப் பழகியதுதான் அங்கே கைகொடுத்தது.

தொடங்கும்போது நாங்கள் நினைத்தது, இது புக்னரைப் பிழை என்று காட்டும் கதை என்று. வாசித்து முடித்தபோது அப்படி இல்லை. காந்தத்துக்குள் எழும் முகட்டைப் பார்த்து 'இது பிரக்டோசு இருபொசுபேற்று' என்று ஷுல்மன் குழு எப்படிச் சொன்னது? அதை ஏற்கெனவே யாரோ கலத்தை உடைத்து, பிரித்து, பெயர் வைத்திருந்ததால்தான். என்ன இருக்கிறது என்று சொன்னது உடைந்த கலம். எங்கே, எவ்வளவு, எப்போது என்று சொன்னது உடையாத கலம். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு வாசிக்கத் தெரிந்திருக்காது.

வரலாறு படிக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் உறைத்தது. எங்கள் கையில் வருவதும் பெரும்பாலும் பிழிந்த சாறுதான்: அறிக்கை, பதிவேடு, கடிதம், புள்ளிவிபரம். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் மையர்ஹோஃப் கேட்ட கேள்வியை நாங்களும் கேட்க வேண்டியிருக்கிறது: பிழியும்போது எது கெட்டுப்போனது?

இதை எழுதிவிட்டு விஞ்ஞான நண்பனிடம் காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தினான். பிறகு, "இனி அப்பம் சுடேக்க என்னட்ட ஒண்டும் கேக்காதேங்கோ" என்றான்.